ரங்கூன்காரரின் துடுப்பு

போன மாதம் என் பேரன் மொட்டை மாடியில் விறகடுப்பு ஒன்று கட்டினான். மண்ணும் செங்கல்லும் வைத்து, குடிசை மாதிரி. அதில் ரொட்டி சுடப் போகிறானாம். அதற்கென்று நீளக் கைப்பிடி வைத்த பலகைத் துடுப்பு ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தான். பார்சலைப் பிரித்ததும் அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். "சொரசொரன்னு இருக்குதுடா, மாவு ஒட்டிக்கும்" என்றேன். "ஆயா, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று சிரித்தான். அவனிடம் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு மறதி, மீதிப் பேருக்குக் காது கேட்காது. அந்த தைரியம்தான்.

நம் காலத்தில் ரொட்டி காய்ச்சல்காரர்களின் ஆகாரம், அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டாக்டர் வாயால் சொன்னால்தான் வீட்டுக்குள் வரும். பாலில் நனைத்து காய்ச்சல்காரன் சாப்பிட, மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எச்சில் விழுங்குவோம். அப்படியிருக்க, காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில், எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே ஒருவர் ரொட்டி அடுப்பு கட்டினார் என்றால் தெரு எப்படி வாயைப் பிளந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கருடசேவைக் கூட்டம் ஓய்ந்து, தெருவெல்லாம் நீர்மோர்ப் பந்தலின் கீற்று சிதறிக் கிடந்த ஒரு நாள். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட லுங்கியோடு ஒரு மனிதர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்ததும், "தம்பி, நான்தான்டா" என்றார்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, பதின்மூன்று வயதில் ஒரு ஜவுளி வியாபாரியோடு ரங்கூனுக்குப் போனவர். முதலில் கடிதம் வந்ததாம். பிறகு யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. தாத்தா போய், அப்பாவைப் பெற்றவளும் போய், அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன முகம் ஞாபகம் இருக்கும்? அப்பா அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

அம்மா வைக்கவில்லை. நான் சொல்வது பெட்டியை இல்லை, நம்பிக்கையை. அம்மா பால்காரரிடம் பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். வெற்றிலைக்காரி கட்டை எண்ணிக் கொடுத்தால் அம்மா மறுபடி எண்ணுவாள். நான் அவளுக்குப் பிறந்த ஒரே பெண், அவளை மிஞ்சிய சந்தேகப் பிராணி. பள்ளிக்கூடத்தில் என் பலப்பத்தை யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று பேரின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் சமையற்கட்டில் பேசிக்கொண்டதை ஊதாங்குழலைத் துடைப்பதுபோல் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணன்னு சொல்லிக்கினு வந்து நிக்கிறவர, சாட்சி கூட்டியான்னு கேக்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

"கேட்டா என்னா தப்பு? உங்க அண்ணன் அங்கியே செத்துப்போயி, அவர் கூட ஒண்ணா இருந்தவன் கதையெல்லாம் கேட்டுக்கினு இங்க வந்திருந்தா?"

"எங்க அப்பா பேரு சொல்றாரு. அம்மா கையில இருந்த தீக்காயம் சொல்றாரு."

"அதான் சொல்றேன். கூட இருந்தவனுக்கு அதெல்லாம் தெரியாதா? கெணறு கிழக்கால முருங்க மரத்தாண்ட இருந்துதுன்னு சொன்னாரே, நம்ம கெணறு எங்க இருக்குது?"

எங்கள் கிணறு மேற்கே இருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்து, "பழைய கெணத்த தூத்துட்டு இத வெட்டினாங்கன்னு எங்க அப்பா சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார்.

"மாதிரியா?" என்றாள் அம்மா.

அம்மாவின் அந்தக் கணக்கு என்னை நடுங்க வைத்தது. செத்துப்போன ஒருவருடைய ஞாபகங்களை எடுத்துக்கொண்டு இன்னொருவர் நம் வீட்டில் வந்து சாப்பிடுகிறார் என்றால்? அதிலிருந்து அவரைப் பெரியப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் கூப்பிட வேண்டாம் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவரை ரங்கூன்காரர் என்றோம். "அந்தாளு மேல ஒரு கண்ணு வெச்சிக்க பாப்பா" என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அம்மா என்னை நம்பி எண்ணெய்க் கிண்ணத்தைக்கூடக் கொடுத்ததில்லை.

கண் வைத்தேன். அவர் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இல்லை, பல ஊர்க்காரர்களோடு பழகிய பேச்சு. சாப்பிடும்போது இலையை ஒருமுறை சுற்றித் திருப்பிப் போட்டுக்கொள்வார். காலையில் காகத்துக்கு வைப்பதற்கு முன்னால் நாய்க்கு வைப்பார். எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். ஆனால் அம்மாவின் மனதில் பெரிதாகப் போய்த் தைத்தது வேறு. அவர் தறியைத் தொடவில்லை.

தொடாதது மட்டுமில்லை, தறி இருந்த அறைக்குள்ளேயே கால் வைக்கவில்லை. அப்பா "உள்ள வாண்ணா, இந்தப் பாவ பாரு" என்று கூப்பிடுவார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் பூட்டிய பட்டிழைகள். அரக்குச் சிவப்பில் கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்த நேரம். ரங்கூன்காரர் நிலைப்படிக்கு வெளியே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். நன்றாகப் பார்ப்பார், நெடுநேரம் பார்ப்பார். "இருக்கட்டும் தம்பி, இங்கிருந்தே தெரியுது" என்பார்.

"தறிக்காரன் பெத்த புள்ள, பதிமூணு வயசு வரைக்கும் தறியில ஒக்காந்தவன், பாவப் பாத்துட்டு ஒரு தபா தொட்டுப் பாக்காம நிப்பானா?" என்றாள் அம்மா. எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும், மணியார்டர் கொண்டு வரும் தபால்காரர் உட்பட, தறியில் கிடக்கும் பட்டை ஒருமுறை தடவிப் பார்க்காமல் போனதில்லை. அப்பாதான் "கைய எடுப்பா, பட்டு சொணங்கும்" என்று விரட்டுவார்.

ஒரு மாதம் கழித்து ரங்கூன்காரர் அப்பாவிடம் கேட்டார். ரங்கூனில் இருபது வருஷம் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவராம். பின்கட்டில் பழைய மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அங்கே ஓர் அடுப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்றார். "ஒக்காந்து சாப்பிட மனசு ஒப்பலை தம்பி. இங்க இல்லைன்னா எனக்கு வேற போக்கிடமும் இல்லை." அப்பா சரி என்றார். அம்மா பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

செவிலிமேட்டுப் பக்கமிருந்து வண்டியில் ஆற்று மணல் வந்தது. பழைய செங்கல், களிமண், வைக்கோல். களிமண்ணை அவரே மிதித்துக் குழைத்தார். ஆள் உட்காரும் அளவுக்குக் கூண்டு ஒன்று எழும்பியது, ஒரே ஒரு வாய். தெருவில் பேச்சு கிளம்பியது. அப்போது மதுவிலக்கு இருந்ததில்லையா, பின்கட்டில் மூடின அடுப்பு என்றால் சாராயத்தைத் தவிர வேறு எதை நினைப்பார்கள்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா சுவரின் மேல் முகத்தை வைத்து, "ஏமம்மா, சட்டி எங்க வெப்பாரு?" என்று அம்மாவிடம் ரகசியம் கேட்டாள். யாரோ சொல்லி ஒரு போலீஸ்காரர்கூட வந்தார். தலையை அடுப்புக்குள் விட்டுப் பார்த்தார், முகர்ந்தார். "ரொட்டிக்கா இவ்ளோ பெரிய பொந்து?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தபோது தொப்பியெல்லாம் கரி. அவரை வழியனுப்பிவிட்டு அப்பா அசடு வழியச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுப்பு காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவர் மரச் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தார். தறிச் சாமான் செய்யும் தச்சர் நான்கு வீடு தள்ளி இருந்தார். அவரிடமே செய்யச் சொல்லியிருக்கலாம். ரங்கூன்காரர் அவரிடம் வாய்ச்சியும் உளியும் இழைப்புளியும் மட்டும் இரவல் வாங்கி வந்தார். "அடுப்பு எவ்வளவு ஆழம், என் கை எவ்வளவு நீளம்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மரம் பொறுக்குவதற்கே ஒரு வாரம் ஆனது. வேப்பம்பலகை கொடுத்தார்கள், முகர்ந்து பார்த்துத் திருப்பிவிட்டார். சூடு ஏறினால் கசப்பு வாடை ரொட்டிக்கு வருமாம். தேக்கில் எண்ணெய் வாடையாம். கடைசியில் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் காற்றுக்கு விழுந்து நன்றாகக் காய்ந்திருந்த மாமரத்தில் பலகை அறுத்துக்கொண்டு வந்தார். கைப்பிடிக்கு மூங்கில் போதாதா என்று அப்பா கேட்டார். மூங்கில் கணு அனலில் வெடிக்கும், சவுக்குதான் சரி என்றார். கரியை வாரி ஒதுக்க ஒரு வாரி, அடுப்பின் தரையைத் துடைக்க நுனியில் ஈரச் சாக்கு கட்டிய கழி, மாவு பிசைய ஒரே கட்டையில் குடைந்த தொட்டி, அடுப்பின் வாயை மூட ஒரு தடித்த பலகை. அந்த மூடிப் பலகை எந்நேரமும் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடக்கும். ஊறாவிட்டால் அதுவே பற்றிக்கொள்ளுமாம்.

துடுப்பைத்தான் அதிக நாள் செய்தார். முன்பக்கம் அகலமாக, நுனி வெற்றிலை அளவுக்குச் சன்னமாகப் போகும். பின்னால் இரண்டு ஆள் நீளத்துக்குக் கைப்பிடி. கொட்டகையில் வைக்க இடமில்லாமல் கிணற்றடி வரை நீட்டிக்கொண்டு கிடந்தது. "துடுப்பு வந்துட்ச்சி, படகு எப்ப வருது?" என்றாள் அம்மா. எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதல் நாள் ரொட்டி சுட்டதை மறக்க முடியாது. விறகு எரிந்து, தணலை ஒதுக்கி, தரையைத் துடைத்து, மாவு உருண்டைகளைத் துடுப்பில் வைத்து உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்தார். உருண்டைகள் இறங்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு, கிழிந்து, அடுப்பின் வாயிலேயே விழுந்து கருகின. பின்கட்டு முழுக்கப் புகை. சுவருக்கு மேலே தெலுங்குக்காரம்மா இருமினாள். தப்பிப் பிழைத்த இரண்டு மூன்றை அவர் தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, ஒரு துண்டைப் பிய்த்துக் கூரையில் போட்டாள். காகம் தின்றது. காகம் சாகிறதா என்று நானும் அம்மாவும் முற்றத்தில் நின்று பார்த்தோம். அது நன்றாக இருந்தது, இன்னும் கேட்டது.

நீங்கள் சிரிக்கலாம். மருந்து வைப்பது என்று ஒன்று உண்டே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்கித் தன் பக்கம் இழுப்பது. அப்பா அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது அதனால்தான் என்று அம்மா நம்பினாள். என்னைக் கூப்பிட்டு, "அந்தாளு கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிச்சேன்னு தெரிஞ்சிது, உன்ன மருந்து எடுக்கறவகிட்ட இட்டுனு போயிடுவேன்" என்றாள். மருந்து எடுக்கிறவள் பிள்ளையார்பாளையம் பக்கம் இருந்தாள். பச்சிலைச் சாற்றைப் புகட்டி, குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுக்க வைப்பாள். என் சிநேகிதி ஒருத்தியை அங்கே கூட்டிப் போய் வந்தபிறகு அவள் ஒரு வாரம் எழுந்து நடக்கவில்லை. எனக்கு போலீஸ்காரரைக் கண்டுகூட அவ்வளவு பயம் கிடையாது.

அந்த ரொட்டி ஒட்டியதற்குப் பிறகு ரங்கூன்காரர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார், தடவுவார், மறுபடி சுரண்டுவார். நான்கு நாள் இதே வேலை. நான் வரட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தார். அம்மா தறி அறையைப் பெருக்கி, குப்பையை நிலைப்படியோரம் ஒதுக்கியிருந்தாள். அதில் எப்போதும் அறுந்த பட்டிழைகள் கிடக்கும். அம்மா அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவைப்பாள், முதலாளி வீட்டில் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தறி நம்முடையது, அதில் ஓடும் பட்டும் சரிகையும் முதலாளியுடையது. ஒரு வீட்டிலிருந்து பட்டு வெளியே போகிறது என்று முதலாளியின் காதில் விழுந்தால் போதும், பாவை அறுத்து எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் எவனும் பாவு தரமாட்டான்.

ரங்கூன்காரர் பூனை மாதிரி வந்தார். நிலைப்படியில் குனிந்து இரண்டு மூன்று இழைகளை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பில் சொருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அகப்பட்டாயா என்று இருந்தது. நானும் பின்னாலேயே போய் வரட்டி அடுக்கில் பதுங்கினேன்.

அவர் ஓர் இழையை எடுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார், மறுமுனையைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டார். துடுப்பின் மேல் அதைப் படியவிட்டு மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் இழை தயங்கி நின்றது. அந்த இடத்தைக் கரியால் குறித்துக்கொண்டு கண்ணாடிச் சில்லால் நான்கு முறை இழைத்தார். மறுபடி இழையை ஓட்டினார். அப்போது நின்ற இடம் வேறு. இப்படியே பலகை முழுவதும், விளிம்பு முழுவதும். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கால் மரத்துப்போனது.

"பாப்பா, வரட்டியில தேள் இருக்கும், இப்படி வா" என்றார், திரும்பாமலே.

எத்தனை நாளாகத் தெரியுமோ அவருக்கு. எழுந்து போய் நின்றேன். அடுப்புக்குள் கையை விட்டு, காலையில் ஒரு தகரத்தில் வைத்துத் தனியாகச் சுட்டிருந்த சின்ன பன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே சர்க்கரை உருகிப் பொன்னிறமாகப் படிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் அது எப்படிப் போனது என்று தெரியவில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே வெதுவெதுவென்று பஞ்சு. மரப்புகை வாடை லேசாக. இத்தனை வயதில் எத்தனையோ தின்றாயிற்று, அதற்கு ஈடு இன்னும் அகப்படவில்லை. கையில் ஒட்டிய சர்க்கரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடியவள் நேராக அம்மாவிடம் போனேன். மருந்து வேலை செய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். "பட்ட எடுத்து இடுப்புல சொருகிக்கினாரும்மா" என்றேன். அந்தப் பாதியை மட்டும் சொன்னேன். மீதியைச் சொன்னால் எங்கே நின்று பார்த்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய், என்ன பேசினார், என்ன கொடுத்தார் என்று அம்மா நூல் பிடித்துக்கொண்டே போவாள். முடிவில் பன் வந்து நிற்கும்.

சாயங்காலம் அப்பா தறியை விட்டு எழுந்ததும் அம்மா கூடத்தில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"இடுப்புல என்னா இருக்குதுன்னு காட்டச் சொல்லுங்க."

ரங்கூன்காரர் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்து இழைகளை எடுத்துத் தரையில் போட்டார். அரக்குச் சிவப்பு. சாணம் மெழுகிய தரையில் அது பளிச்சென்று கிடந்தது.

"எதுக்குண்ணா?" என்றார் அப்பா. "இது தெருவுக்குத் தெரிஞ்சா எனக்கு நாளைக்கே பாவு போயிடும்ணா."

"எதுக்குன்னு நீயாடா கேக்கற?" என்றார் அவர். "தறியிலயே இருந்துக்கினு, இழைய எதுக்கு எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அன்றுதான் முதன்முதலாக அவர் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. ஆனால் அப்பாவுக்கு ஏறியது கோபம் மட்டும்தான். திருடிவிட்டு எகத்தாளம் வேறா என்று நினைத்தார். விற்பதற்கு எடுப்பார்கள், வேறு எதற்கு? ரொட்டித் துடுப்பையும் பட்டிழையையும் சேர்த்து வைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, என்னைத் தவிர.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ என்னா பாத்த?"

"பாத்தத மட்டும் சொல்லு. கூடவும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத" என்றாள் அம்மா. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்படித்தான் சொன்னாள்.

"குப்பையில இருந்து எடுத்து இடுப்புல சொருகினத பாத்தேன்."

"அப்பறம்?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வற்புறுத்துகிற பார்வைகூட இல்லை. அடுத்த வார்த்தை வரும் என்று நிம்மதியாகக் காத்திருந்தார். என் தொண்டையில் பச்சிலைச் சாறு ஏறி நின்றது.

"அவ்ளோதான்" என்றேன்.

அவர் முகத்தில் என்னவோ அணைந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். 'இந்தப் பிள்ளை முழுதும் நின்று பார்த்தது, பன் வாங்கித் தின்றது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தலையில் ஒருமுறை கை வைத்தார். உள்ளங்கை கல் மாதிரி இருந்தது, முடி அதில் சிக்கி இழுத்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குத் தகரப் பெட்டியோடு போய்விட்டார். அப்பா வாசல்வரைகூட வரவில்லை. மரச் சாமான்களெல்லாம் கொட்டகையில் போட்டது போட்டபடி கிடந்தன.

"அண்ணனா இருந்திருந்தா எதுக்குன்னு சொல்லியிருப்பாரே" என்று அப்பா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்வதுபோல், தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தச்சர் புது நாடா கொண்டுவந்து கொடுத்தார். நாடா என்றால் ஊடை நூலைப் பாவுக்குள் குறுக்கே கொண்டுபோகும் அந்தப் படகு வடிவக் கட்டை. மரத்தில் ஒரு சிலும்பு இருந்தாலும் பட்டு அறுந்துவிடும். அப்பா டப்பாவிலிருந்து ஒரு கழிவு இழையை எடுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்தார், மறுமுனையைச் சுண்டுவிரலில் சுற்றினார். நாடாவின் மேல் ஓட்டினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பல தடவை அவர் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பேன், கவனித்ததில்லை. அன்றைக்குப் பாதியில் அப்பாவின் கை நின்றுவிட்டது.

இழையை வாயிலேயே வைத்துக்கொண்டு எழுந்து மழையில் பின்கட்டுக்குப் போனார். துடுப்பின் முன்னால் மண்டியிட்டு அந்த இழையை ஓட்டினார். நுனியிலிருந்து விளிம்புவரை அது எங்கேயும் நிற்காமல் வழுக்கிப் போனது. திரும்பத் திரும்ப ஓட்டினார். எழுந்து வந்து அம்மாவிடம், "எங்க அப்பா சொல்லிக்குடுத்த வழக்கம்டி இது. இந்த வூட்டுல வளந்தவனுக்குத்தான் தெரியும்" என்றார். "உள்ள வாண்ணா, உள்ள வாண்ணான்னு கூப்பிட்டேன். கைய பின்னால கட்டிக்கினு நின்னாரு. அந்தக் கைய வச்சிக்கினு எப்படி பட்டத் தொடுவாரு? எனக்கு ஏன் தோணல?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நெசவு தெரியாதவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். அனலிலும் கட்டையிலும் காய்த்துப்போன கை பட்டைத் தொட்டால் இழை கிளம்பிவிடும், புடவை வீணாகும். எங்கள் ஆட்கள் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது அதனால்தான். பட்டின் அருமை தெரியாதவன் தொட்டுப் பார்த்திருப்பான். தொடாமல் நின்றதால்தான் அவரை நாங்கள் நம்பவில்லை.

அப்பா தேடினார். சென்னைக்குப் போகும்போதெல்லாம் பர்மாக்காரர்களை வைத்திருந்த முகாம்களில் விசாரித்தார். ரொட்டிக் கடைகளின் பின்வாசலில் போய் நின்று, அடுப்பு வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பெரியப்பா எங்கேயும் அகப்படவில்லை. ஒரு பன்னுக்கும் ஒரு கிண்ணம் பச்சிலைச் சாற்றுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டவள், அப்பா ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லாமல் விட்டது பிறகு சொல்ல முடியாததாக ஆகிவிடுகிறது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்கும் கல்யாணம் ஆயிற்று.

அம்மா போய் ஒரு வருஷம் முடியும் சமயம். அப்பாவுக்குக் கண் மங்கி, தறி நிறுத்தி, நாற்காலியே கதியென்று இருந்தார். நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், திடீரென்று கேட்டார்.

"அண்ணன் போன அன்னிக்கு நீ அவ்ளோதான்னு சொன்னியே. நீ அப்பல்லாம் ஒண்ண பாத்தா முழுசா பாக்காம வரமாட்டியேம்மா. உங்கம்மாதானே உன்ன அப்படி சொல்லச் சொன்னா?"

முப்பத்தைந்து வருஷமாக அதை உள்ளே வைத்துப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறார், என்னை மட்டும் விட்டுவிட்டார்.

இல்லை அப்பா, அம்மா பார்த்ததை முழுசாகச் சொல்லத்தான் சொன்னாள், நான்தான் விழுங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வயது நாற்பத்தாறு. என்னை யாரும் மருந்து எடுக்கிறவளிடம் கூட்டிப்போகப் போவதில்லை. கஞ்சிக் கிண்ணத்தின் ஆவியையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "நீ கொழந்த, நீ என்னா பண்ணுவ."

அடுத்த வாரம் அம்மாவுக்கு வருஷப் படையல். இலை போட்டு, புதுப்புடவை வைத்து, சாம்பிராணி காட்டி எல்லோரும் கும்பிட நின்றோம். அப்பா அறையை விட்டு வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொன்னேன்.